குளியலறை விளக்குக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் மோஷன் சென்சார் தேர்ந்தெடுப்பது எப்படி?

குளியலறையில் மோஷன் சென்சார் பொருத்தும் எண்ணம் பெரும்பாலான வீடுகளில் ஒரே காரணத்தால்தான் எழுகிறது: விளக்கையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் அணைக்காமலேயே எல்லோரும் வெளியே வந்துவிடுகிறார்கள். கடையில் கேட்டால் ஒரு சென்சாரை எடுத்துக் கொடுப்பார்கள்; எலக்ட்ரீஷியன் வந்து விளக்கின் ஒயரையும் ஃபேனின் ஒயரையும் ஒன்றாக முறுக்கி அந்தச் சென்சாரின் ஒரே வெளியீட்டில் சேர்த்துவிடுவார். இரண்டு மாதம் கழித்து அந்த வீட்டில் உள்ளவர்கள் சென்சாரைக் கழற்றிவிட்டுப் பழைய சுவிட்சுக்கே திரும்புவதற்கு இந்த இணைப்பே காரணமாகிறது. விளக்கு தேவைப்படுவது உள்ளே ஆள் இருக்கும்வரைதான். ஃபேன் தேவைப்படுவதோ ஆள் வெளியேறிய பிறகு அங்கே தங்கியிருக்கும் ஈரமும் வாடையும் போகும்வரை. தேவை வேறு வேறாக இருப்பதால் கட்டுப்பாடும் வேறு வேறாகத்தான் இருக்க வேண்டும் என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொண்டால், மற்ற முடிவுகளை எடுப்பது எளிதாகிவிடும்.

இதனால் எவ்வளவு மின்சாரம் மிச்சமாகும் என்பதையும் வாங்குவதற்கு முன்பே கணக்குப் பார்த்துவிடுவது நல்லது. 9 வாட் எல்இடி விளக்கு தினமும் 4 மணி நேரம் வீணாக எரிந்தால் ஆண்டுக்குச் சுமார் 13 யூனிட் ஆகும். சென்சார் இரவும் பகலும் விழித்திருப்பதற்கே அரை வாட் எடுத்துக்கொள்ளும் என்று வைத்தால், அதில் 4 யூனிட்டுக்கு மேல் கழிந்துவிடும். ஆனால் 40 வாட் எக்ஸாஸ்ட் ஃபேன் இரவு முழுவதும் 8 மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தால் ஆண்டுக்குச் சுமார் 117 யூனிட் ஆகிறது. ஆகவே பணம் மிச்சமாவது ஃபேனில்தான். விளக்கில் கிடைக்கும் பயன் வேறு வகையானது: ஈரக் கையால் சுவிட்சைத் தொட வேண்டியதில்லை, நள்ளிரவில் எழும் முதியவர் இருட்டில் சுவரைத் தடவ வேண்டியதில்லை, சுவிட்ச் எட்டாத குழந்தை யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. இந்தப் பயன்களே எனக்கு மின்கட்டணத்தைவிடப் பெரியவையாகத் தோன்றுகின்றன.

விளக்குக்கு எந்த வகைச் சென்சார்

சந்தையில் அதிகம் கிடைப்பது பிஐஆர் எனப்படும் வகை. இது எதையும் வெளியே அனுப்புவதில்லை. நம் உடலிலிருந்து இயல்பாக வெளிப்படும் அகச்சிவப்புக் கதிர் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்வதை மட்டும் கவனிக்கிறது. அதன் முன்புறத்தில் வெள்ளை நிறத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும் பிளாஸ்டிக் மூடி வெறும் அலங்காரம் அல்ல. அறையைப் பல பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் லென்ஸ் அது. ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு உடல் கடக்கும்போதுதான் சென்சார் விழித்துக்கொள்ளும். அதனால் சென்சாருக்கு நேரெதிராக நடந்து வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரை அது விரைவாகப் பிடிக்கிறது. அசையாமல் உட்கார்ந்திருப்பவரை அது அறியவே அறியாது.

இந்த வகைக்குக் குளியலறையில் இரண்டு குறைகள் உண்டு. நம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் கண்ணாடித் தடுப்பு, அந்த அகச்சிவப்புக் கதிருக்குச் சுவர்தான். ஷவர் பகுதியைக் கண்ணாடியாலோ அக்ரிலிக் பலகையாலோ பிரித்திருந்தால், தடுப்புக்கு வெளியே பொருத்திய சென்சார் உள்ளே குளிப்பவரைப் பார்க்காது. தலையில் சோப்பு நுரையோடு நிற்கும்போது விளக்கு அணைந்துவிடும். இரண்டாவது குறை நம் ஊர் வெயிலால் வருவது. உடலின் வெப்பத்துக்கும் சுற்றியுள்ள சுவரின் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டை வைத்துத்தான் பிஐஆர் வேலை செய்கிறது என்பதால், சென்னையிலோ வேலூரிலோ மே மாதப் பிற்பகலில் மேல்மாடிக் குளியலறையின் சுவர்கள் 35 டிகிரியைத் தொடும்போது அந்த வேறுபாடு சுருங்கி, சென்சார் மந்தமாகிவிடும். சிறிய அறையில் இது பெரிதாகத் தெரியாது. நீளமான அறையில் தெரியும்.

மற்றொரு வகை மைக்ரோவேவ் சென்சார். இது பெரும்பாலும் 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையை மெல்லிய அளவில் அனுப்பி, நகரும் பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் மாற்றத்தைப் பார்க்கிறது. வெயிலும் கண்ணாடியும் இதற்குப் பொருட்டல்ல. விளக்கின் கூட்டுக்குள்ளேயே மறைத்து வைக்கலாம் என்பதும் வசதிதான். ஆனால் கண்ணாடியைக் கடக்கும் அலை பிவிசி கதவையும் பிளைவுட்டையும் கடக்கும். மெல்லிய சுவரைக்கூடக் கடந்துவிடும். கதவுக்கு வெளியே நடையில் யார் போனாலும், அடுத்தடுத்து முதுகு ஒட்டியிருக்கும் பக்கத்து வீட்டுக் குளியலறையில் யார் குளித்தாலும் உங்கள் விளக்கு எரியக்கூடும். பிவிசி குழாயில் ஓடும் தண்ணீரும், சுழலும் எக்ஸாஸ்ட் ஃபேனின் இறக்கையும்கூட அதற்கு அசைவுதான். ஃபேனையும் அதே சென்சாரில் இணைத்துவிட்டால், ஃபேன் சுற்றுவதை ஆள் நடமாட்டம் என்று எடுத்துக்கொண்டு சென்சார் ஃபேனை நிறுத்தவே விடாத நிலைகூட வரலாம். இந்த வகையை வாங்குவதானால், உணர்திறனைக் குறைக்கும் திருகு அதில் உண்டா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

அண்மைக் காலத்தில் 24 கிகாஹெர்ட்ஸிலும் 60 கிகாஹெர்ட்ஸிலும் வேலை செய்யும் ரேடார் வகைச் சென்சார்கள் வந்துள்ளன. மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்கும் சிறு அசைவையும் இவை அறிந்துகொள்வதால், கழிப்பறையில் அசையாமல் உட்கார்ந்திருப்பவரை இருட்டில் விடுவதில்லை. எத்தனை அடி தொலைவு வரை பார்க்க வேண்டும் என்று எல்லை வகுத்துக்கொள்ளும் வசதியும் பலவற்றில் உண்டு. விலை கூடுதல், அமைப்பதற்குப் பொறுமையும் வேண்டும். முதியவர் அதிகம் பயன்படுத்தும் குளியலறைக்கு இந்தச் செலவைத் தயங்காமல் செய்யலாம். மற்ற அறைகளில், கண்ணாடித் தடுப்பு இல்லாத வழக்கமான ஐந்துக்கு எட்டடிக் குளியலறைக்கு, கூரையில் பொருத்தும் நல்ல பிஐஆர் ஒன்றே போதும்.

எங்கே பொருத்துவது

சுவிட்சைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பொருத்திக்கொள்ளும் சென்சார் சுவிட்சுகளை வெளிநாட்டு விளம்பரங்களில் பார்த்து வாங்குபவர்கள் உண்டு. நம் வீடுகளில் குளியலறையின் சுவிட்ச்போர்டு பெரும்பாலும் கதவுக்கு வெளியே இருக்கிறது. அங்கே சென்சாரை வைத்தால் அது பார்ப்பது படுக்கையறையையோ நடையையோதான். உள்ளே இருப்பவரை அல்ல. எனவே கூரையில் பொருத்தும் 360 டிகிரி வகையோ, உட்சுவரின் மேல் மூலையில் பொருத்தும் வகையோதான் பொருந்தும்.

கூரையில் வைக்கும்போது நடுவில்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கதவு திறந்திருக்கும்போது வெளியே நடப்பவரைச் சென்சார் பார்க்கக் கூடாது. கதவைத் திறந்து ஓரடி எடுத்து வைத்தவுடன் உள்ளே வருபவரைப் பார்த்துவிட வேண்டும். இதற்குக் கதவு இருக்கும் சுவரை ஒட்டி, உள்நோக்கிப் பார்க்கும்படி வைப்பது நன்றாக அமைகிறது. அப்படியும் வெளிநடமாட்டத்தைப் பிடித்தால், லென்ஸில் கதவுப் பக்கம் இருக்கும் கட்டங்களின்மீது சிறு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அந்தப் பக்கத்தின் பார்வையை மறைத்துவிடலாம். கீசருக்கு அருகிலும், ஷவரின் ஆவி நேராக எழும் இடத்திலும், வென்டிலேட்டர் வழியாக வெயில் விழும் இடத்துக்கு எதிரிலும் பிஐஆர் சென்சாரை வைக்கக் கூடாது. கண்ணாடித் தடுப்பு கூரைவரை போகாமல் பாதியில் நின்றால், இரு பக்கமும் தெரியும்படி தடுப்புக்கு நேர்மேலே கூரையில் வைப்பதே அந்தக் குறைக்கு மலிவான தீர்வு.

நேரமும் வெளிச்சமும்

பெரும்பாலான சென்சார்களின் பக்கவாட்டிலோ அடியிலோ சிறு ஸ்குரூடிரைவரால் திருப்பும் மூன்று திருகுகள் இருக்கும்: நேரம், உணர்திறன், சுற்றுப்புற வெளிச்சம். கடையிலிருந்து வரும்போது நேரத் திருகு குறைந்த அளவில், பெரும்பாலும் 10 விநாடி அளவில் இருக்கும். அதை மாற்றாமலே விட்டுவிட்டுச் சென்சார் சரியில்லை என்று குறை சொல்பவர்களே அதிகம். இந்த நேரம் கடைசியாக அசைவு தெரிந்த கணத்திலிருந்து எண்ணப்படுகிறது. புதிய அசைவு வந்தால் எண்ணிக்கை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். குளியலறைக்கு இதை 10 நிமிடத்துக்குக் குறைவாக வைக்கக் கூடாது. முதியவர் உள்ள வீட்டில் 15 நிமிடமாக வைக்க வேண்டும். எல்இடி விளக்கு 10 நிமிடம் கூடுதலாக எரிவதால் ஆகும் செலவு ஒன்றுமில்லை. ஈரத் தரையில் எழுந்து நிற்கும் முதியவருக்குத் திடீரென வெளிச்சம் போவது இடுப்பெலும்பு முறிவில் போய் முடியக்கூடும். சில மலிவான சென்சார்களில் அதிகபட்ச நேரமே 7 அல்லது 8 நிமிடம்தான் என்பதால், வாங்கும்போதே பெட்டியில் இந்த அளவைப் படித்துப் பாருங்கள்.

வெளிச்சத் திருகு, எவ்வளவு இருட்டானால் விளக்கு எரிய வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. சூரியன் படம் போட்ட பக்கம் முழுவதும் திருப்பினால் பகலிலும் எரியும். நிலா படப் பக்கம் திருப்பினால் இருட்டில் மட்டும் எரியும். குழாய்கள் இறங்கும் குறுகிய காற்றுச் சந்தின் பக்கமாக ஒரு சின்ன வென்டிலேட்டர் மட்டும் உள்ள அடுக்குமாடிக் குளியலறைக்குச் சூரியன் பக்கமே சரி. நல்ல ஜன்னல் உள்ள அறையில், மாலை மங்கும்போது ஒரு நாள் நின்று, விளக்கு வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும் கணத்தில் சென்சார் எரியும் அளவுக்குத் திருகைக் கொண்டுவந்து நிறுத்துங்கள்.

இரவுக்கென்று ஒரு சொல். படுக்கையறையை ஒட்டிய குளியலறையில் நள்ளிரவில் 15 வாட் வெள்ளை விளக்கு சட்டென்று எரிந்தால் கண் கூசும், தூக்கமும் கலையும். 3 வாட் அளவில் மஞ்சள் நிற விளக்கு ஒன்றைச் சென்சாரில் இணைத்துவிட்டு, பெரிய விளக்கையும் கண்ணாடி விளக்கையும் வழக்கம்போல் சுவிட்சிலேயே விடுவது பல குடும்பங்களுக்கு ஒத்துவரும் ஏற்பாடு.

எக்ஸாஸ்ட் ஃபேனுக்கான கட்டுப்பாடு

ஐந்துக்கு எட்டடி அறையின் கூரை எட்டடி உயரத்தில் இருந்தால் அதன் கொள்ளளவு 320 கன அடி, அதாவது 9 கன மீட்டர். ஆறு அங்குல ஃபேன் மணிக்கு 200 கன மீட்டர் காற்றை வெளியேற்றினால், 15 நிமிடத்தில் அறைக்காற்று ஐந்து முறைக்கு மேல் மாறிவிடும். வாடை போவதற்கு இது தாராளம். குளித்த ஈரத்துக்கு மட்டும் இது போதாது. ஏனென்றால் சுவரிலும் தரையிலும் தேங்கிய தண்ணீர் தொடர்ந்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் குளித்து முடித்த பின் 20 நிமிடம் ஃபேனை ஓடவிடச் சொல்வதும், இங்கிலாந்தில் ஜன்னலில்லாக் குளியலறையின் ஃபேன் விளக்கு அணைந்த பின் 15 நிமிடம் ஓட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் இதனால்தான். நாம் பக்கெட்டும் குவளையுமாகத் தரை முழுவதையும் நனைத்துக் குளிப்பவர்கள். 20 முதல் 30 நிமிடம் என்று வைத்துக்கொள்வதே பொருத்தம். குளித்தவர் வைப்பரால் தண்ணீரைத் தள்ளிவிட்டு வந்தால் அதில் பாதி நேரம் மிச்சமாகலாம்.

இதற்கு எளிய வழி, ஃபேனுக்கென்று தனியாக, இவ்வளவு நேரம் வைக்க முடிகிற ஒரு பிஐஆர் சென்சாரை வைத்து அதன் நேரத் திருகை உச்சத்தில் வைப்பது. அதைவிட நல்ல வழி, தாமதத் தொடக்கமும் தாமத நிறுத்தமும் உள்ள டைமரைப் பயன்படுத்துவது. ஆள் உள்ளே வந்து இரண்டு நிமிடம் கழித்துத்தான் ஃபேன் தொடங்கும். கை கழுவிவிட்டு உடனே வெளியேறுபவருக்காக அது ஓடாது, இரவில் அந்த இரைச்சலும் இருக்காது. குறைந்த செலவில் முடிக்க விரும்புபவர்கள் சென்சாரே வைக்காமல், சுவிட்சைப் போட்டால் 30 நிமிடத்தில் தானாக நிற்கும் டைமர் சுவிட்சை ஃபேனுக்கு வைத்துவிடலாம். வெளியிலுள்ள போர்டிலேயே அதைப் பொருத்த முடியும் என்பதால் சுவரை உடைக்கும் வேலையும் இல்லை. பல வீடுகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஈரப்பதத்தை அளந்து ஃபேனை இயக்கும் ஹியூமிடிட்டி சென்சார் இன்னும் பொருத்தமானதாகத் தோன்றும். கலிஃபோர்னியாவின் பசுமைக் கட்டட விதிகள் புதிய வீடுகளின் குளியலறை ஃபேனுக்கு இதையே கேட்கின்றன. 50 முதல் 80 விழுக்காடு ஈரப்பதத்துக்குள் அளவை மாற்றிக்கொள்ள முடிய வேண்டும் என்பது அந்த விதி. வறண்ட காற்றுள்ள ஊருக்கு அது சரி. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் மழைக்காலக் காலையில் வெளிக்காற்றின் ஈரப்பதமே 80 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். அங்கே 60 விழுக்காடு என்று வைத்த சென்சார் ஃபேனை நாள் முழுவதும் ஓடவிடும். வெளியிலிருந்து வரும் காற்றும் அதே ஈரத்தோடு வருவதால் அந்த இலக்கை எட்டவே முடியாது. ஆகவே குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் இயங்கும் வகையை இங்கே தவிர்த்துவிட்டு, சில நிமிடங்களுக்குள் ஈரப்பதம் சட்டென்று ஏறுவதைக் கண்டு இயங்கும் வகையையே வாங்க வேண்டும். அதிலும் எவ்வளவு நேரம் ஓடினாலும் ஒரு கட்டத்தில் நிறுத்திவிடும் உச்சவரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று: இந்தச் சென்சார் வாடையை அறியாது. கழிப்பறையும் குளியலறையும் ஒன்றாக உள்ள அறையில் ஆள் நடமாட்டத்தை அறியும் ஏற்பாடும் கூடவே தேவைப்படும்.

ஃபேன் காற்றை வெளியேற்ற வேண்டுமானால் காற்று உள்ளே வர வழி வேண்டும். கதவின் அடியில் அரை அங்குலமாவது இடைவெளி இருக்கட்டும். ஃபேனுக்குப் பக்கத்திலேயே வென்டிலேட்டர் திறந்திருந்தால், அதன் வழியாக வரும் காற்றையே ஃபேன் திரும்ப வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அறையின் ஈரம் அப்படியே இருக்கும்.

எரிவாயுக் கீசர் குளியலறைக்குள் இருக்குமானால், எந்தச் சென்சாரையும் ஃபேனையும் பாதுகாப்பு என்று நம்பக் கூடாது. எரிதலில் உண்டாகும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. மூடிய அறையில் ஓடும் ஃபேன், புகைக்குழாய் வழியாகப் போக வேண்டிய வாயுவை அறைக்குள்ளேயே இழுத்துவிடவும் வாய்ப்புண்டு. அந்தக் கீசரை வெளியே மாற்றிய பிறகே மற்றதை யோசியுங்கள்.

ஒயரிங்கில் கவனிக்க வேண்டியவை

இரண்டு ஒயர் மட்டும் கேட்கும் சென்சார்கள் விளக்கின் வழியாகவே தமக்கு வேண்டிய சிறு மின்சாரத்தை இழுத்துக்கொள்கின்றன. அதனால் அணைத்த எல்இடி மங்கலாக எரிவதும் மினுக்குவதும் நடக்கும். ஃபேஸ், நியூட்ரல், வெளியீடு என்று மூன்று இணைப்புள்ள சென்சாரையே வாங்குங்கள். ஃபேனுக்கு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், உள்ள வகைதான் வேண்டும். மோட்டாரை இயக்கலாம் என்று பெட்டியில் தெளிவாக அச்சிட்டிருக்க வேண்டும். 1200 வாட் என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் அது பழைய குண்டு பல்புக்கான கணக்கு. எல்இடிக்கும் மோட்டாருக்கும் அனுமதி அதைவிட மிகக் குறைவு. கீசரை எக்காரணம் கொண்டும் இதில் இணைக்கக் கூடாது.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் குளியலறை விளக்கு இன்வெர்ட்டர் லைனிலும் ஃபேன் ஈபி லைனிலும் இருப்பது வழக்கம். இரண்டையும் ஒரே சென்சாரில் சேர்த்தால் இரு லைன்களின் நியூட்ரலும் கலந்து, மின்கசிவு இருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் காரணம் தெரியாமல் விழுந்துகொண்டே இருக்கும். தனித்தனிச் சென்சார் வேண்டும் என்பதற்கு இது இன்னொரு காரணம். குளியலறைக்குப் போகும் சர்க்யூட்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால், சென்சாருக்கு முன்பு அதைப் போடுங்கள். சென்சார் தண்ணீர் தெறிப்பைத் தாங்கும் ஐபி 44 தரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும், உயரம் 2.25 மீட்டருக்கு மேல் இருப்பது நல்லது. டியூபைப் பிடித்துச் சுவர் முழுவதும் தண்ணீர் அடித்துக் கழுவும் வழக்கம் உள்ள வீட்டில் ஐபி 65 பார்க்கலாம்.

பழைய சுவிட்சைத் தூக்கி எறிய வேண்டாம். அதைச் சென்சாருக்கு இணையாக இணைத்துவிட்டால், சென்சார் பழுதானாலும் சுவிட்சைப் போட்டு விளக்கை எரிய வைக்கலாம். விருந்தினர் வந்திருக்கும்போதும் பயன்படும். மின்சாரம் போய்த் திரும்பியவுடன் பல பிஐஆர் சென்சார்கள் நிலைப்பட அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை எடுத்துக்கொள்ளும்; அதுவரை கண்டபடி எரிந்தால் அது பழுதல்ல.

எலக்ட்ரீஷியன் கிளம்புவதற்கு முன், நேரத் திருகைக் குறைந்த அளவிலும் வெளிச்சத் திருகைச் சூரியன் பக்கத்திலும் வைத்துச் சோதித்துப் பாருங்கள். கதவைத் திறந்து ஓரடி வைத்ததும் விளக்கு எரிய வேண்டும். பிறகு வெளியே வந்து, கதவைச் சற்றுத் திறந்து வைத்து நடையில் இருமுறை நடங்கள், எரியக் கூடாது. அடுத்து வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்கார்ந்து, விளக்கு அணைந்த பின் கையை மட்டும் மெல்ல உயர்த்துங்கள். எரியவில்லையென்றால் சென்சாரின் இடத்தை மாற்றச் சொல்லுங்கள். ஷவருக்குக் கீழே நின்று, கண்ணாடிக் கதவை மூடிக்கொண்டு அதையே மீண்டும் செய்யுங்கள். எல்லாம் சரியாக அமைந்த பிறகு விளக்கின் நேரத்தை 10 அல்லது 15 நிமிடத்துக்கும், ஃபேனின் நேரத்தை 20 நிமிடத்துக்கு மேலும் ஏற்றிவிட்டு, ஒரு வாரம் குளித்த பின் டைல்ஸின் இடுக்குகளைத் தொட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் ஈரமாகவே இருந்தால் ஃபேனின் நேரத்தை இன்னும் 10 நிமிடம் கூட்டுங்கள்.